தரம் 1 இல் ஓராண்டு இடைவெளி

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 1 அனுமதி குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தி தொடர்பாக எழுதுகிறேன். இலங்கையில் பிள்ளைக்கு, பாடசாலையில் சேரும் ஆண்டின் ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி. இதனால் பெப்ரவரி 1 இல் பிறந்த பிள்ளையும் அடுத்த ஆண்டு ஜனவரி 31 இல் பிறந்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கிறார்கள். அந்த வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஐந்திலொரு பங்கு. மூத்த பிள்ளை கோட்டுக்குள் 'ஞ' எழுதி முடிக்கையில், இளைய பிள்ளை பென்சிலை முட்டிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை மந்தம் என்று சொல்லிவிடுகிறோம். வகுப்புத் தலைமை, பேச்சுப்போட்டி எல்லாம் மூத்தவர்களுக்கே போகின்றன. வயது வித்தியாசம் மங்கிய பின்னும் கூச்சம் மங்குவதில்லை. வகுப்பில் இளையவர்களுக்கே கவனக்குறைபாடு என்ற முத்திரை கூடுதலாக விழுவதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன.

ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்துப் பார்க்கும் வன்னியின் சிறு பாடசாலைகளில், இத்தகைய அமைதியான பிள்ளை கண்ணில் படுவதேயில்லை. அனுமதியை ஓராண்டு பின்போடுவது மருந்தல்ல. நல்ல முன்பள்ளி எட்டாத ஊரில் அந்த ஆண்டு வீணே கழியும். இடாப்பில் பெயருக்கு எதிரே பிறந்த மாதத்தைக் குறித்து, முதல் இரு தவணைகளிலும் நவம்பர் முதல் ஜனவரி வரை பிறந்தவர்களைத் தமக்குள் மட்டும் ஒப்பிடும்படி வலயக் கல்வி அலுவலகங்கள் அறிவுறுத்தலாம். வகுப்புத் தலைமையையும் மாதச் சுழற்சியில் வழங்கலாம்.

ஆரம்பக்கல்வி ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.