காசிமேடு துறைமுகக் கழிவுநீர்: திட்ட வரைபடம் முடிவாகும் முன் மக்கள் கருத்தைக் கேட்கக் கோரும் மனு

அனுப்புநர்
விசைப்படகு, ஃபைபர் படகுத் தொழிலாளர்கள், மீன் விற்கும் பெண்கள், கரையோரக் குடியிருப்போர்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை 600 003.

பொருள்: மீன்பிடித் துறைமுகக் கழிவுநீர் பற்றிய முடிவுகளைப் பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் சபை) வைத்து எடுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

துறைமுகத்துக்குள் வந்து விழும் கழிவுநீர் ஒரே வகையானது அல்ல. ஏலக்கூடத் தரையைக் கழுவிய ரத்தமும் செதிலும் கலந்த தண்ணீர், படகின் அடியில் தேங்கும் டீசல் கலந்த தண்ணீர், எஞ்சினிலிருந்து மாற்றிய பழைய ஆயில், கழிப்பறைக் கழிவு என எல்லாம் சேர்ந்தே வருகிறது. மழைநீர் வடிகால்களும் உண்டு. மழையே இல்லாத பங்குனியிலும் வடிகால் வாயில் கறுப்பாகத் தண்ணீர் ஓடுகிறது என்றால், அதில் ஓடுவது சாக்கடைதான். வடிகால் மாநகராட்சியுடையது, சாக்கடைக் குழாய் குடிநீர் வாரியத்துடையது, கரை துறைமுக ஆணையத்துடையது. இதில் மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பங்குண்டு. எந்த வாய் யாருடையது என்று காட்டும் ஒரே வரைபடம் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். அதை மாநகராட்சி முன்னின்று செய்யும்படி கேட்கிறோம்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மீன்பிடித் துறைமுகத்தில் அது எங்கே சறுக்கும் என்பதைத் தரையில் நிற்பவர்கள் அறிவார்கள். கழுவும் வேலை முழுவதும் விடியற்காலைச் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 24 மணி நேரச் சராசரியை வைத்துத் தொட்டி கட்டினால் காலையில் வழியும், மாலையில் காலியாகக் கிடக்கும். வரும் நீரைத் தேக்கிச் சீராக விட ஒரு தொட்டி வேண்டும். அதிலும் காற்று ஊட்டாவிட்டால் மீன் ரத்தம் சில மணி நேரத்தில் அழுகி, முட்டை நாற்றம் அடிக்கும் வாயு கிளம்பிக் கான்கிரீட்டையே அரிக்கும். செதிலைப் பிடிக்க நுண்ணிய சல்லடையும், ஐஸ் தண்ணீரில் உறைந்து வரும் கொழுப்பைப் பிடிக்கத் தனித் தொட்டியும் அதற்கு முன்னே இருக்க வேண்டும். கொழுப்புத் தொட்டியை அள்ளுவது யார், எந்தக் கணக்கில் கூலி என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் முதலில் அடைபடுவது அதுதான்.

அடுத்தது உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. தரையைக் கடல்நீரால் கழுவிச் சாக்கடையில் விட்டால் சுத்திகரிப்பு நுண்ணுயிர்கள் தடுமாறும். கொடுங்கையூர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்திகரித்த நீரிலிருந்துதான் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மேலும் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்குத் தரும் ஏற்பாடு உள்ளது. அங்கே உப்பு கூடினால் செலவும் கூடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நின்றால் கழிவு வரத்து விழும், நுண்ணுயிர்களுக்கு இரை குறையும், ஜூன் நடுவில் திடீரென முழு வரத்தும் வந்து சேரும். ஒரே பெரிய நிலையமாக இல்லாமல், தனித்தனியே நிறுத்தி இயக்கக்கூடிய சிறு பிரிவுகளாக இருந்தால் சமாளிக்கலாம். தூர் வாரவும் குழாய் மாற்றவும் ஏற்ற காலமும் இதுவே.

படகு அடித்தண்ணீருக்கு வேறு வழி வேண்டும். எண்ணெயை 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவுக்குப் பிரிக்கும் கருவி, சர்வதேச விதிப்படி 400 மொத்த டன்னும் (கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் அளவு) அதற்கு மேலுமான கப்பல்களுக்கே கட்டாயம். எங்கள் படகுகளில் அது கிடையாது. பழைய ஆயிலை வாங்க ஆள் உண்டு, தண்ணீர் கலந்ததை யாரும் சீண்டமாட்டார்கள். டீசல் பிடிக்கும் இடத்திலேயே கூரையும் சுற்றுச்சுவரும் கொண்ட சேகரிப்புத் தொட்டியும் பம்பும் வையுங்கள். தொலைவில் வைத்தால் யாரும் சுமந்து போகமாட்டார்கள், கடலில்தான் விழும். இதை அபராதத்தால் மட்டும் தீர்க்க முடியாது.

பரிசோதனை விஷயத்திலும் எங்கள் பேச்சு தேவைப்படுகிறது. துறைமுக நீருக்கான எஸ்டபிள்யூ-4 தரத்தின்படி கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மதியம், நீரேற்ற நேரத்தில், துறைமுக வாயருகே மாதிரி எடுத்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். விடியலில், நீர் வற்றும்போது, வடிகால் வாயிலும் உள்மூலையிலும் எடுக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு வழியில் மாறாமல் இருக்க, மாதிரியை எடுத்த இடத்திலேயே மருந்து ஊற்றி நிலைப்படுத்த வேண்டும். எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்குக் கண்ணாடிப் பாட்டில். கிருமிச் சோதனை மாதிரி ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். நாங்களே எடுக்கும் மாதிரி வழக்கில் நிற்காது, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் எடுத்து முத்திரையிட்டதே செல்லும். ஆகவே அவர் எடுக்கும்போது எங்களில் இருவர் அருகில் நிற்க ஏற்பாடு செய்யுங்கள்.

2022 முதல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் நடைமுறையில் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(சி), முக்கிய முடிவுகள் தொடர்பான விவரங்களை அலுவலகமே வெளியிட வேண்டும் என்கிறது. இவற்றின் அடிப்படையில், துறைமுகக் கழிவுநீர் பற்றிய எந்தத் திட்டமும் ஒப்பந்தப்புள்ளிக்குப் போகும் முன், வரைபடமும் மதிப்பீடும் பராமரிப்புச் செலவும் தமிழில் 30 நாள் வார்டு அலுவலகத்திலும் ஏலக்கூடத்திலும் வைக்கப்பட வேண்டும். பிறகு துறைமுகத்தை ஒட்டிய வார்டுகளுக்குச் சிறப்புப் பகுதி சபை கூட்ட வேண்டும். காலையில் வேண்டாம், மீன் விற்கும் பெண்கள் வர முடியாது. மாலை 4 மணிக்கு மேல், தடைக்காலத்தில் வைத்தால் ஆண்களும் கரையில் இருப்பார்கள். மேலே சொன்ன எல்லாத் துறைகளின் பொறியாளர்களும் வர வேண்டும். சொன்ன ஒவ்வொரு கருத்துக்கும் ஏற்றதா, இல்லையா, ஏன் என்று 45 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் கூட்டமாக அது இருக்கக்கூடாது.

முதல் கட்டமாக, வடிகால் வாய்களின் கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்துத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இடம் காட்ட நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
காசிமேடு மீனவர்கள், மீன் விற்பனைப் பெண்கள் மற்றும் குடியிருப்போர்

நகல்: சென்னைக் குடிநீர் வாரியம், மீன்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சென்னைத் துறைமுக ஆணையம்.