சிரட்டைக் கரிச் சூட்டுக்கு ஒரு நன்றி மடல்

வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பெருமக்களுக்கும், என்னிடம் ஓவியம் பயின்ற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவையும் அதற்கடுத்த நாள்களையும் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணி எதுவரை ஏறினாள் என்பதை அவரவர் வீட்டுச் சுவரே காட்டிக்கொண்டிருக்கிறது. அரிசியும் பாயும் ஆற்றோடு போனவர்கள் இருக்கும் ஊரில், வெறும் படத்தாள்களுக்காக ஒருவன் நன்றி மடல் எழுதுவது கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போருக்கும் களவுக்கும் தப்பிய கலைப்படைப்புகளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் வரைந்து வைத்திருந்தவை 64 தாள்கள். ஆபத்து வருமுன் ஓவியங்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் கதையைத் தாள் தாளாக எழுதிய நான், அத்தாள்களை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இடுப்பளவு நீரில் இறங்கி அலமாரியைத் திறந்த பழைய மாணவர்கள், தாள்களைத் தலைச்சுமையாக மேட்டுத்தெருவுக்குக் கொண்டு சேர்த்த பெண்கள், மொட்டை மாடி அறையை ஒழித்துக் கொடுத்த வீட்டார், கேட்காமலே சோறு கொண்டுவந்த அண்டை வீட்டார் ஆகிய அனைவருக்கும் என் வணக்கத்தை இங்கே ஒருசேரத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன்.

ஆனால் எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணாச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லை, வெயிலும் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த தாள்களை உரித்தால் கிழியும், விட்டால் பூசணம் பிடிக்கும் என்ற நிலையில் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவர் தம்முடைய கரிப்பெட்டியையும் பரணில் நனையாமல் தப்பிய சிரட்டைக் கரிச் சாக்கையும் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அவருடைய தள்ளுவண்டி வெள்ளத்தில் போயிருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

அடியில் செய்தித்தாளை விரிக்கப் போன என்னை அவர் தடுத்தார். "பேப்பர் போடாதீய சார்வாள், மசி ஒட்டிக்கிடும்." தம் வீட்டுப் பழைய வேட்டியை நான்காக மடித்து விரித்து, தாளை வைத்து, மேலே இன்னொரு வேட்டியைப் போட்டு, விரல் நுனியால் தண்ணீரைத் தெளித்துச் சூடு பார்த்து, பெட்டியை அழுத்தாமல் மிதக்கவிட்டே ஓட்டினார். ஈரம் ஆவியாக எழும், அவர் வேட்டியை மாற்றுவார், மறுபடி ஓட்டுவார். ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் ஆனது.

தேய்க்கும்போதே ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டார். 1966 நவம்பரில் இத்தாலியின் ஆர்னோ ஆறு பெருகி ஃபிளாரன்ஸ் நகர நூலகத்துக்குள் புகுந்தபோது, நனைந்த நூல்களைப் புகையிலை உலர்த்தும் கொட்டகைகளில் காயவைத்தார்கள் என்றேன். "அப்போ நாம செய்யது சரிதாம்" என்று அடுத்த தாளை எடுத்தார். 1911இல் களவு போய் இரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த மோனா லிசாவை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ரஷ்ய நகரான லெனின்கிராடின் ஹெர்மிடாஜ் காட்சியகத்தைப் பற்றிய தாளில் அவர் நெடுநேரம் நின்றார். 1941இல் ஓவியங்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, அவை திரும்பி வந்து சேர வேண்டிய இடம் தவறாதிருக்க வெறும் சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவைத்தார்கள் என்பதையும், ஜெர்மானியப் படை அந்நகரை முற்றுகையிட்ட காலத்தில் வழிகாட்டி ஒருவர் அந்த வெற்றுச் சட்டங்களின் முன்னே படைவீரர்களை நிறுத்தி, இல்லாத ஓவியங்களை விவரித்தார் என்பதையும் என்னை இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

மிலான் நகரத்து மடமொன்றின் உணவுக்கூடச் சுவரில் லியொனார்டோ டா வின்சி தீட்டிய 'இறுதி இராவுணவு' ஓவியத்தின் தாளை விரித்ததும், "ஏசுநாதர் கால எங்க சார்வாள்?" என்றார். 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து உணவுக்கூடத்தின் கூரையே சரிந்தபோதும், மணல்மூட்டை அடுக்கிக் காத்த அந்தச் சுவர் மட்டும் நின்றது; ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, 1652இல், மடத்தார் அதே சுவரில் கதவு வைப்பதற்காக ஓவியத்தின் அடிப்பகுதியை வெட்டிவிட்டார்கள், கால் அப்போதே போய்விட்டது என்றேன். "குண்டு போட்டவன விட வீட்டுக்குள்ள இருக்கவன்தாம் மோசம் போலுக்கு" என்றார். கீழ்த்தட்டு நினைவுக்கு வர, நான் வாய் திறக்கவில்லை.

மூன்று நாளில் 41 தாள்களை மீட்டுக் கொடுத்தார். இந்திய மசியால் வரைந்தவை பெரும்பாலும் பிழைத்தன. சுவரொட்டி வண்ணம் பூசியவை கரைந்துபோயின. அப்படிப் போனவற்றுள் கல்லிடைக்குறிச்சி நடராசரும் ஒன்று. 1982இல் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து களவு போய், 2001இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடத்துக்கு விலையாகி, 2019இல் ஊர் திரும்பியவர், 37 ஆண்டு அஞ்ஞாதவாசத்தில் தப்பியவர், என் தாளில் திருவாசியின் செம்மை மட்டும் வழிந்து கிடக்க மறைந்துபோனார். "நம்ம பக்கத்துச் சாமில்லா" என்று அந்தத் தாளை மட்டும் அவர் தேய்க்காமல் ஓரமாக வைத்தார்.

கூலியை நீட்டியபோது வாங்கவில்லை. கரிக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "அந்தச் சாமிய மட்டும் திரும்ப வரைஞ்சிருங்க" என்றார். நான் அதைச் செய்தித்தாள் படத்தைப் பார்த்துத்தான் முன்பு வரைந்திருந்தேன், கோயிலுக்குப் போனதில்லை. இம்முறை போய்வந்துதான் வரைவேன் என்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் உறுதி கூறுகிறேன்.

இத்தாள்களின் கண்காட்சி பொங்கல் கழிந்து நடைபெறும். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியும் நானும் கல்லிடைக்குறிச்சிக்குப் பேருந்து ஏறுகிறோம். வரும்போது அவர் வீட்டுக்கு இரண்டு கட்டு அப்பளம் வாங்க வேண்டுமாம். அதற்கும் என்னைக் காசு கொடுக்கவிட மாட்டாராம்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்