ஃப்ரீசரில் இருக்கும் மான்

மேடிசன், விஸ்கான்சின்
அக்டோபர் 20

அன்புள்ள மாப்ளே,

"மானை எதுக்குடா கொன்னீங்க?" என்று நீ அனுப்பிய ஒற்றை வரிக்கு வாட்ஸ்அப்பில் நாலு தடவை பதில் அடித்து நாலு தடவையும் அழித்தேன். சரி, நமக்குள் கடிதப் போக்குவரத்து நின்று பல வருஷமாயிற்று, உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம். படி ஏற வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்.

அந்த போட்டோவை ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று உன் தங்கச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். பாப்பா ஆரஞ்சுக் கோட்டோடு நிற்கிறாள், காலடியில் மான் கிடக்கிறது. ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அங்கே இதைச் செய்தால் ஜெயில். இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சரே "சீசனுக்குப் போனியா?" என்று கேட்கிறார். நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் வரும்போது, ஒருவர் கண்ணில் ஒருவர் படுவதற்காக வேட்டைக்காரர்கள் போடும் கோட்டால் இந்த மாநிலமே ஆரஞ்சு நிறமாகிவிடும். அதற்கு முன்னால் அக்டோபரில் பிள்ளைகளுக்கென்று ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கியிருக்கிறார்கள். பதினைந்து வயது வரை உள்ளவர்கள் சுடலாம், பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். அப்படித்தான் போனோம்.

ஆசை என்னுடையதல்ல, அவளுடையது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேத்தியும் இவளும் ஒரே வகுப்பு. பெரியவருக்கு ஐயோவா கவுண்டியில் கொஞ்சம் நிலமும் காடும் இருக்கின்றன. (ஐயோவா என்றதும் பக்கத்து மாநிலம் என்று நினைத்துவிடாதே, விஸ்கான்சினுக்குள்ளேயே அப்படி ஒரு கவுண்டி, அதாவது மாவட்டம். என்னையும் அது ரொம்ப நாள் குழப்பியது.) ஒரு வருஷம் நச்சரித்தாள். பன்னிரண்டு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன், முடிந்தது. அப்புறம் சாக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இங்கே 1973இலோ அதற்குப் பிறகோ பிறந்த யாராக இருந்தாலும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தால்தான் வழக்கமான லைசென்ஸ் கிடைக்கும். அவளோடு நானும் சேர்ந்தேன். பதினைந்து பொடிசுகளுக்கு நடுவில் நான் ஒரு தடியன், முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை, குழல் முனை எப்போதும் ஆபத்தில்லாத பக்கம் இருக்கட்டும், எதைச் சுடுகிறாய் என்பதோடு அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார், சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே. இந்த நாலையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்வரை விடவில்லை. பரீட்சையில் அவள் என்னைவிட இரண்டு மார்க் கூட. கோட்டு வாங்கப் போனபோது ஒரு கூத்து. 2016இலிருந்து ஆரஞ்சுக்குப் பதிலாகப் பளீர் பிங்க்கும் போடலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. கடைக்காரர் பிங்க்கை எடுத்து நீட்டினார். "பொண்ணுன்னா பிங்க்கா?" என்று தமிழில் முனகிவிட்டு ஆரஞ்சையே எடுத்துக்கொண்டாள்.

மாமியார் (உன் அம்மாதான்) போனில் ஒரு பாட்டம் திட்டினார். "வள்ளி மான் வயித்துல பொறந்தவ, அதையா கொல்லப் போறீங்க?" என்றார். அந்த வள்ளியை எடுத்து வளர்த்ததே வேடர்கள்தானே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மருமகனாக இருபது வருஷம் ஓட்டியவனுக்கு அந்த அளவு புத்தி இருக்கும்.

பெரியவர் வேறு மாதிரி ஆள். அதிகம் பேச மாட்டார். ஆகஸ்ட் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் காகிதத் தட்டை அட்டையில் குத்தி வைத்து அவளைச் சுட வைத்தார். சின்ன உடம்புக்குத் தோள் வலிக்காத 243 ரைஃபிள். தோட்டா மட்டும் செம்புதான் என்று பிடிவாதம். ஈயத் தோட்டா உடம்புக்குள் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத தூளாகக் கறியில் பரவுமாம், சாப்பிடப் போகிறவள் சின்னப் பெண் என்றார். அவர் போட்ட ஒரே நிபந்தனை: மான் பக்கவாட்டில் நின்றால்தான் விசையைத் தொட வேண்டும். முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம். நேராகப் பார்த்து நின்றாலோ நடந்துகொண்டிருந்தாலோ விட்டுவிட வேண்டும். "செத்த மான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. அடிபட்டு ஓடிய இரண்டு மான்கள் இன்னும் கெடுக்கின்றன" என்றார்.

அவர் அதைச் சொன்னதும் எனக்கு நம் கௌதாரி ஞாபகம் வந்தது. கம்மாய்க்கரையில் நீ உண்டிவில்லால் அடித்தாயே, ஏழாவது லீவில். (நீ நான் அடித்தேன் என்பாய். நீதான்.) இறகு நாலு பறந்தது, பறவை தத்தித் தத்திக் கருவேல முள்ளுக்குள் போய்விட்டது. இருட்டும்வரை தேடினோம். கையெல்லாம் முள் கீறல். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சோறு சாப்பிடாமல் படுத்தோம், ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர்கூட அதைப் பேசிக்கொண்டதில்லை.

சனிக்கிழமை விடியலில் போனோம். சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து சுடலாம். ஓக் மரங்களுக்குக் கீழே சின்னக் கூடாரம் மாதிரி ஒரு மறைவு, மூன்று பேரும் உள்ளே. காற்று நம்மிடமிருந்து மானுக்குப் போகாத பக்கமாகப் பார்த்துப் போட்டிருந்தார். ஆரஞ்சு நிறம் அதன் கண்ணுக்குப் பளிச்சென்று படாது, ஆனால் மூக்கை ஏமாற்ற முடியாது. ஓக் கொட்டை பொறுக்க முதலில் இரண்டு வந்தன. ஒன்று நேராக நின்றது, இன்னொன்று புதருக்குப் பின்னால். அவள் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. எட்டு மணிக்கு ஒரு பிணைமான் தனியாக வந்து அறுபது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. அவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அப்புறம் வெடிச் சத்தம்.

மான் துள்ளி மரங்களுக்குள் ஓடி மறைந்தது.

உடனே பின்னால் போகக் கூடாது. துரத்தினால், விழ வேண்டிய மான் பயத்தில் எழுந்து இன்னும் தூரம் ஓடும். அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். மாப்ளே, அந்த அரை மணி நேரத்தை என்னால் உனக்குச் சரியாகச் சொல்ல முடியாது. அவள் அழவில்லை. பேசவும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் முள்ளுக்காடு கண்ணிலேயே நின்றது. இதையும் தேடிக் கிடைக்காமல் போனால் இவள் என்ன ஆவாள், கூட்டிவந்த நான் என்ன ஆவேன் என்று வயிறு கலங்கியது. போனதும் பெரியவர் குனிந்து ஒரு இலையை எடுத்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம். நுரையீரல் ரத்தம் அப்படித்தான் இருக்குமாம். எண்பது தப்படி தள்ளி மான் கிடந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது நிம்மதியில்தான், இரக்கத்தில் என்று எழுதினால் பொய்.

குடலை எடுக்கும்போது பின்னங்காலைப் பிடித்துக்கொண்டவள் அவள். குளிரில் வயிற்றிலிருந்து ஆவி எழுந்தது. நீயும் நானும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் தூக்குவாளியோடு நின்று, தொங்குகிற ஆட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். இவளுக்குக் கறி என்றால் பிளாஸ்டிக் தட்டில் சுற்றி வருவது. அன்றைக்குத்தான் அவளுக்கு அது ஒரு மிருகமாக இருந்தது தெரிந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உன் கேள்விக்கு "தின்னத்தான்" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பியிருப்பேன். அதுதான் இப்போது சிக்கலாகியிருக்கிறது. 2002இல் இந்த வட்டாரத்து மான்களிடம் மூளையை அரிக்கும் ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். கிருமி என்றுகூடச் சொல்ல முடியாது, கோணிப்போன ஒரு புரதம். வேகவைத்தாலும் சாகாது, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். இந்தப் பகுதி மான்களையே ஒழித்துக்கட்டினால் நோயும் போகும் என்று அரசு முதலில் முயன்றது, நடக்கவில்லை. இன்றைக்கு ஐயோவா கவுண்டி பக்கம் நோய் நன்றாக ஊன்றிவிட்டது. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கிற மானுக்கும் இருக்கலாம். மனிதர்களுக்கு வந்ததாக உறுதியான ஒரு தகவலும் இல்லை, ஆனாலும் நோய் உள்ள மானைத் தின்னாதே என்கிறார்கள். அதனால் தலையை வெட்டிப் பையில் போட்டு, சீட்டு எழுதி, சாலையோரத்தில் அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். பரிசோதனை இலவசம், முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம். எலும்பு நீக்கிய கறி கிட்டத்தட்ட இருபது கிலோ ஃப்ரீசரில் இருக்கிறது, தேதி எழுதி, தொடாமல்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கம்ப்யூட்டரில் அந்தச் சீட்டின் எண்ணைப் போட்டுப் பார்க்கிறாள். நேற்று ராத்திரி கேட்டாள். "நோய் இருந்தா குப்பைக்குத்தானே போகும்? அப்போ அது எதுக்குப்பா செத்துச்சு?" நீ கேட்ட அதே கேள்வி. பெரியவர் சொல்லிக் கொடுத்த பதிலெல்லாம் கையில் இருந்தது. இங்கே மான் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது, மரக்கன்றுகளைத் தின்று காட்டை முளைக்கவிடாமல் செய்கிறது, கார்களில் மோதிச் சாகிறது. 1937இல் வந்த ஒரு சட்டத்தின்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத்தான் போகிறது. எல்லாம் உண்மைதான். அவளிடம் எதையும் சொல்லவில்லை. "எனக்கும் தெரியலடா" என்றேன். நவம்பரில் மறுபடியும் போவாயா என்று கேட்டதற்கு, "ரிசல்ட் வரட்டும்" என்றாள்.

அப்புறம் ஒரு உதவி. மான்கறியில் கொழுப்பே கிடையாது, குழம்பு வைத்தால் நார்நாராகப் போகும் என்கிறார்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் அம்மா கோர்த்துக் காயவைத்த உப்புக்கண்டம் எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. பாப்பாவிடம் சொன்னேன், நல்ல முடிவு வந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்கிறாள். அம்மாவிடம் அளவு கேட்டு எழுது. கிலோவுக்கு எத்தனை கை உப்பு, மஞ்சளை முன்னால் தடவுவார்களா பின்னால் தடவுவார்களா, எத்தனை வெயில் வேண்டும். இங்கே இப்போது வெயில் என்ற பேச்சே இல்லை. ஓவனில் குறைந்த சூட்டில் வைத்தால் சரிப்படுமா என்றும் கேள்.

உன்
மச்சான்