என் இடுப்பின் வயதைக் கேளுங்கள்

எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் இரண்டு இடுப்பு மூட்டுகளும் செயற்கை மூட்டுகள். வலதுபக்கம் 36 வயதில் மாற்றினார்கள், அடுத்த ஐந்து மாதத்தில் இடதுபக்கம். பிறவியிலேயே எனக்கு மல்டிபிள் எபிபைசீல் டிஸ்பிளேசியா. எலும்புகளின் முனைகள் ஒழுங்காக உருவாகாத மரபுக் கோளாறு அது. உருண்டையாக இருக்க வேண்டிய தொடை எலும்பின் தலை, மிதிபட்ட பந்து போலச் சப்பையாக இருக்கும். அதன் மேல் இருக்கும் குருத்தெலும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

என் 27 வயதில் முதன்முதலாக ஒரு மருத்துவர் சொன்னார்: "சின்ன வயசும்மா, இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போடுங்க." அதற்குப் பிறகு பார்த்த மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள். நான் உள்ளே நுழைந்ததும் கோப்பில் வயதைப் பார்ப்பார்கள், அப்புறம் எக்ஸ்ரேயைப் பார்ப்பார்கள். அந்த வரிசையை மாற்றச் சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் தயங்குவதன் காரணம் எனக்குத் தெரியும். செயற்கை மூட்டு தேயும், ஒருநாள் மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் எலும்பு போகும். 1962-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி, செயற்கை மூட்டின் பந்து உட்காரும் கிண்ணத்தைப் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் பொருத்தத் தொடங்கியபோது அவர் மனத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்தான். ஆனால் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும் புது வகைப் பாலிஎத்திலீன் வந்தே கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. காத்திருப்பதற்கும் விலை உண்டு, அதைக் கொடுப்பது நாங்கள். கடைசி இரண்டு வருடம் மல்லாந்து படுத்தால் என் இடுப்பு நேராகாது. முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. நின்றால் முன்னால் சாய்வேன், அதை ஈடுகட்ட முதுகு வளையும், முழங்கால் மடங்கும். செருப்பின் வாரைப் போட வேறொருவர் வேண்டும். மூட்டுக்குப் பத்து வருடம் மிச்சப்படுத்துகிறோம் என்று முதுகையும் முழங்காலையும் செலவழித்துக்கொண்டிருந்தோம்.

வயதுக்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொன்று, நோயின் பெயர். சிறுவயதில் எனக்கு 'இரண்டு பக்கமும் பெர்தஸ் நோய்' (தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறையும் குழந்தைப் பருவ நோய்) என்று எழுதிவைத்துவிட்டார்கள். பெர்தஸ் இரண்டு இடுப்பிலும் வரலாம்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே காலத்தில், ஒரே அளவில், கண்ணாடியில் பார்த்த மாதிரி சமமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாமா? முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் விஷயம் அன்றே வெளிவந்திருக்கும்.

என்னைப் போல எலும்புக் கோளாறால் உயரம் குறைந்தவர்களை எல்லாம் ஒரே கூடையில் போடாதீர்கள். கை கால் குட்டையாக வளரும் அகாண்ட்ரோபிளேசியா உள்ளவருக்கு இடுப்பு மூட்டு தேய்வது அரிது. அவர் கால் வலி என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது குறுகிய முதுகெலும்புக் கால்வாயை. ஆஸ்டியோபெட்ரோசிஸில் எலும்பு கல்லாக இறுகி, செயற்கை மூட்டின் தண்டு இறங்க வேண்டிய உள்குழியே அடைபட்டிருக்கும். எலும்பு நொறுங்கும் நோயில் தண்டைத் தட்டி இறக்கும்போதே தொடை எலும்பு விரிசல் விடலாம். முதுகெலும்பின் வளர்ச்சியையும் பாதிக்கும் ஸ்பாண்டிலோ எபிபைசீல் டிஸ்பிளேசியா, மார்க்கியோ நோய் என்ற மரபுக் கோளாறுகளில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கலாம். மூச்சுக்குழாய் போட மயக்க மருத்துவர் தலையைப் பின்னால் சாய்த்தால் தண்டுவடமே நசுங்கும் ஆபத்து. இடுப்புக்காக வந்தவரின் கழுத்தை முன்கூட்டியே எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அளவைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். முதலில் தேதி கொடுத்த மருத்துவமனையில், இரவிலிருந்து பட்டினி கிடந்து, தியேட்டர் வாசல் வரை போனேன். அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். தட்டில் இருந்தவற்றிலேயே மிகச் சின்னத் தண்டுகூட என் எலும்புக் குழிக்குப் பெரிது என்று அப்போதுதான் தெரிந்ததாம். அன்று அழுதேன். ஆனாலும் அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை, உள்ளே போன பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! பிறகு போன இடத்தில் சிடி ஸ்கேன் எடுத்து, எலும்பின் முப்பரிமாண உருவத்தைத் திரையில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். குழி குறுகல், போதாததற்கு தொடை எலும்பின் கழுத்து வழக்கத்தைவிட அதிகமாக முன்பக்கம் திரும்பியிருந்தது. சாதாரணத் தண்டை அதன் போக்கில் இறக்கினால் மூட்டு நழுவும். திருப்பத்தைத் தனியாகச் சரிசெய்துகொள்ளும் இரு பாகத் தண்டை வரவழைத்துப் போட்டார்கள். கிண்ணம் சின்னதாக இருந்ததால் பந்தும் சின்னதுதான். பந்து சின்னதானால் நழுவும் வாய்ப்பு கூடும் என்பதைப் படம் வரைந்து சொன்னார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் நாங்கள் பயப்படுவோம் என்று நினைக்காதீர்கள். சொல்லாததற்குத்தான் பயப்படுகிறோம்.

அப்புறம், வார்டில் நடந்தது. 'இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது' என்று எல்லோருக்கும் கொடுக்கும் உயரமான நாற்காலியையே எனக்கும் கொடுத்தார்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் படவில்லை. இறங்க வேண்டுமென்றால் புது மூட்டோடு குதிக்க வேண்டும். வாக்கரின் கைப்பிடி கிட்டத்தட்ட மார்பு உயரத்துக்கு வந்தது, கடைசித் துளை வரை இறக்கியும் அப்படித்தான். மூன்றாம் நாள் பிசியோதெரபிஸ்ட் குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு வாக்கர் கொண்டுவந்தார். மஞ்சள் நிறம், கைப்பிடியில் யானைப் படம். அதைப் பிடித்துக்கொண்டுதான் வராந்தா முழுக்க நேராக நிமிர்ந்து நடந்தேன்.

அனுமதிப் படிவத்தில் உயரம், எடை என்று கட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சேர்த்துவிடுங்கள்: உட்கார்ந்தால் முழங்கால் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கையை நீட்டினால் எதுவரை எட்டும். அளவு நாடா உங்கள் பையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டு புது இடுப்புகளின் சொந்தக்காரி