தபால் பெட்டிக் கால்சட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 17 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை தொடங்கிய காலத்தில், பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆனதும் பையன்களின் கால்சட்டைகள் பின்பக்கம் தேய்ந்து கிழிந்து வந்து குவியும். பாறையில் சறுக்கிய அடையாளம் அது. ‘தபால் பெட்டி’ என்று சக பிள்ளைகள் கேலி செய்வார்கள். உள்பக்கம் துணி வைத்து ஒட்டுப் போட்டுத் தருவேன். இப்போது அப்படி ஒன்றுகூட வருவதில்லை. வருவதெல்லாம் இடுப்புத் தையலைப் பிரித்துவிடச் சொல்லித்தான். தைத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. எனக்குக் கூலி கிடைக்கிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

ஊராரைச் சொல்வானேன்? என் மகளுக்கே மூன்றாம் வகுப்பில் கண்ணாடி போட்டாயிற்று. கண் மருத்துவர் கைப்பேசியைப் பற்றித் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ, “பகல் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறாள்?” என்று. அறைக்குள் விளக்கு போட்டாலும் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தானாம். வெளியே மரநிழலில் நின்றாலே பல ஆயிரம் லக்ஸ். அந்த வெளிச்சம் குழந்தைகளின் விழி அளவுக்கு மீறி நீண்டு, தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை வராமல் காக்க உதவுகிறது என்றார். போட்ட கண்ணாடி இதனால் கழன்றுவிடாது. வராதவர்களுக்கு வருவதைத் தள்ளிப்போடும். மகளுக்குத் தாமதமாகிவிட்டது. தம்பிக்கு ஆறு வயது, அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் பூட்டு. ஒரு வாரம் கிருஷ்ணகிரி அணை. நகரப் பேருந்தில் எனக்கும் மகளுக்கும் கட்டணம் இல்லை, மகனுக்கு மட்டும் அரை டிக்கெட். பூங்காவில் அலுக்கும்வரை ஓடிவிட்டு, மீன் வறுவல் கடை வாசனையில் அங்கேயே நின்றுவிடுவான். (அதற்கு ஆகும் செலவை இங்கே எழுதவில்லை.) இன்னொரு வாரம் கோட்டை மலை. வெயில் ஏறுமுன் ஏறினால்தான் உண்டு. 1791இல் ஆங்கிலேயப் படை கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய கதையைப் பாதி வழியில் சொன்னேன். “அவர்கள் தண்ணீர் பாட்டில் கொண்டுவரவில்லையா, அம்மா?” என்றான். இறங்கியபோது அவன் கால்சட்டையின் பின்பக்கம் நூல் நூலாகத் தொங்கியது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வேறு தொழில் செய்பவர்களுக்கு விளங்கவைக்க முடியாது.

ஆனால் ஞாயிறு வாரத்தில் ஒரு நாள்தான். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற ஆறு நாள் எங்கே ஓடுவது? எங்கள் தெருவில் பந்து உருண்டால் சாக்கடையில்தான் விழும். ஒரு பையன் குச்சியால் அதை மேலே தள்ளுவான், இன்னொருவன் தெருக்குழாயில் கழுவுவான், மூன்றாமவன் இருசக்கர வாகனம் வருகிறதா என்று முனையில் காவல் நிற்பான். ஆட்டத்தைவிடக் காவலுக்கே நேரம் போய்விடுகிறது.

கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளித் திடல் இருக்கிறது. புங்கமர நிழலும் உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. திடல் இருக்கிறது, நாலரை மணிக்குப் பூட்டும் விழுந்துவிடுகிறது. கேட்டுப் பார்த்தேன். இரவில் யாரோ வந்து பாட்டில்களை உடைத்துப் போடுகிறார்கள் என்றார்கள். பொய்யில்லை, காலையில் அந்தச் சில்லுகளைப் பொறுக்குகிற அக்கா என்னிடம்தான் ரவிக்கை தைக்கிறார். ஆனால் பாட்டிலோடு வருகிறவர்கள் சுவர் ஏறிக் குதித்துவிடுகிறார்கள். பூட்டு தடுப்பது ஆறு வயதுப் பிள்ளைகளை மட்டும்தான்.

பள்ளி விட்டதிலிருந்து மாலை ஆறரை வரை, ஞாயிறன்று காலை ஏழு முதல் பத்து வரை அந்த வாயிலைத் திறந்துவைக்க மாவட்டக் கல்வி அதிகாரிகள் ஆணையிட வேண்டும். இருட்டிய பின் திறந்து மின்விளக்கு போடுவது எங்களுக்கு வேண்டாம். கேட்பதே பகல் வெளிச்சத்தைத்தான். மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஏழு தாய்மார்களும் ஓய்வுபெற்ற தாத்தா ஒருவரும் முறைவைத்து நிற்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். தாத்தா மட்டும் இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாவியை என் கடைச் சுவரில், கத்தரிக்கோல் மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிக்கொள்ளலாம். காலை ஒன்பது முதல் இரவு எட்டரை வரை கடை திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சாவியை மட்டும் தாத்தா வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.