பால்வாடிக் கதவை எல்லா நாளும் திறந்து வையுங்கள்

வேலூர் மாவட்டத்தில் குழந்தை வளர்ச்சிப் பணிகளைக் கவனிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் அங்கன்வாடி விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. மூன்று முறை மனு கொடுத்தாயிற்று, கிராம சபையில் தீர்மானமும் போட்டாயிற்று. பழைய டீச்சர் ஓய்வு பெற்றதிலிருந்து பக்கத்து ஊர் டீச்சர்தான் கூடுதல் பொறுப்பில் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். ஆயா பணியிடமும் காலி. மற்ற நாளெல்லாம் பூட்டுதான். அந்த டீச்சர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு ஊர்ப் பிள்ளைகளை ஒரே ஆள் எப்படிப் பார்க்க முடியும்?

போன வாரம் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள். இன்னமும் சாயங்காலம் சில பிள்ளைகள் புத்தகத்தோடு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அதில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்து நாளாக வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். உள்ளே அவள் அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். புகையிலைத் தூள் பறக்கும் அந்த அறைக்குள் குழந்தையை விட முடியாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி என்பதால் கையை நிறுத்தவும் முடியாது. அதனால் இவள் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டீயில் பிஸ்கட்டைத் தோய்த்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மணி ஒன்று. அதுதான் அவனுக்கு மதியச் சாப்பாடு. "ஸ்கூலுக்குப் போகலையாம்மா?" என்றேன். "தம்பிய யாருக்கா பாத்துப்பாங்க?" என்றாள்.

ஒரு நாள் அவனையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாள். கணக்கு வகுப்பில் அவன் தரையிலேயே மூத்திரம் போய்விட்டான். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, அவனைச் சுற்றியிருந்த துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தாள், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதோடு சரி, அப்புறம் பள்ளிப் பக்கம் போகவில்லை.

அவனுக்கு இரண்டரை வயது. எடை ஒன்பதே முக்கால் கிலோ. வளர்ச்சி அட்டையில் புள்ளி மஞ்சள் பட்டைக்குள், அதாவது வயதுக்கேற்ற எடை இல்லை என்ற இடத்தில், விழுந்திருக்கிறது. அங்கன்வாடியில் இந்த வயதுப் பிள்ளைக்கு வாரம் மூன்று முட்டை என்கிறது திட்டம். இரண்டு நாள் மட்டும் திறக்கிற இடத்தில் அது எப்படி அவன் வாய்க்குப் போய்ச் சேரும்? அக்கா பள்ளிக்குப் போயிருந்தால் அவளுக்கும் சத்துணவில் முட்டை கிடைத்திருக்கும். அதுவும் போயிற்று. ஒரு கதவைப் பூட்டியதில் இரண்டு பிள்ளைகளின் தட்டு காலி, ஒருத்தியின் படிப்பும் போகப் பார்க்கிறது. நடுவில் மூன்றாம் வகுப்புத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். காலையில் பள்ளியிலேயே சாப்பிட்டுவிடுகிறாள். அந்த வீட்டில் முகம் தெளிந்திருப்பது அவளுக்கு மட்டும்தான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். அங்கன்வாடிக்கு நிரந்தரமாக ஒரு டீச்சரையும் ஓர் ஆயாவையும் போடுங்கள். தினமும், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரை திறந்து வையுங்கள்.

இது புதிதாகக் கேட்கிற சலுகை இல்லை. 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதே இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். செப்டம்பர் வந்தால் ஊட்டச்சத்து மாதம் என்று தானியத்தில் கோலம் போடுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். எங்கள் ஊர்ப் பெண்களும் வந்து நிற்கிறார்கள். மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறார்கள். மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது நிர்வாகம் கிட்டே வரும் என்று நம்பினோம். வேலூருக்கு மனு கொடுக்கப் போனால் இன்றைக்கும் ஒரு நாள் கூலி போகிறது.

புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறீர்கள். நல்ல திட்டம், மனதார வரவேற்கிறோம். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தால்தானே அந்தப் பணம்? எட்டிலேயே நின்றுபோகிறவளுக்கு அது எட்டாது. பள்ளியை விட்டு நின்ற பெண் பிள்ளைக்கு எங்கள் பக்கம் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் முறம், அப்புறம் மாப்பிள்ளை.

கோபத்தில் ஏதாவது வார்த்தை தடித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப் பளுவும் எங்களுக்குத் தெரியும். தயவுசெய்து ஒரு முறை எங்கள் ஊருக்கு வாருங்கள். செவ்வாய், வெள்ளி வேண்டாம், வேறு நாளில் வாருங்கள். பூட்டிய கதவைப் பார்த்த கையோடு அந்த வீட்டுக்கும் நானே கூட்டிப் போகிறேன். ஆள் நியமிக்க நாளாகும் என்றால், அதுவரை தினமும் திறக்க ஒரு தற்காலிக ஏற்பாடாவது செய்யுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு அவள் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. அதற்குள் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுப்பவள்