ஒரு கட்டை தூரம் கேட்ட இருமல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் கிருமி ஆயுதங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருந்தார்கள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அமெரிக்கா, ரஷ்யா, உளவுத்துறை என்று சுற்றிவிட்டு, கடைசியில் நமக்கு இதெல்லாம் தூரத்துச் சமாச்சாரம் என்பதுபோல் முடித்துவிட்டார்கள். முப்பது வருடம் தோட்டத்து டிரஸராக, அதாவது தொழிலாளர்களுக்கு மருந்து கொடுக்கும் மருத்துவ உதவியாளராக இருந்தவனுக்கு அதை அப்படியே விட மனம் வரவில்லை.

ஜொகூர் தம்போய் என்ன அவ்வளவு தூரமா? ஜப்பான்காரன் காலத்தில் மஞ்சூரியாவில் மனிதர்கள் மேல் கிருமிகளைச் சோதித்துப் பார்த்த யூனிட் 731-க்குத் தென்கிளை ஒன்று சிங்கப்பூரில் இருந்தது. ஓக்கா 9420 என்று பெயர். பிளேக் பரப்புவதற்காக எலிகளைப் பிடித்துத் தெள்ளுப்பூச்சி வளர்த்தார்கள். தம்போய் மனநல மருத்துவமனையிலும் அந்த வேலை நடந்தது. பின்னாளில் சிங்கப்பூர் அமைச்சரான ஒத்மான் வோக், இளவயதில் அந்தச் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாக இருந்ததைத் தாமே சொல்லியிருக்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் ஜப்பான்காரன் காலம் என்றால் சயாம் ரயில் பாதையையும் அங்கே காலராவில் செத்தவர்களையும்தான் சொல்வார்கள். அந்தக் காலரா யாரும் ஏவியதில்லை. பட்டினியும் கெட்ட தண்ணீரும் செய்த வேலை அது. ஒன்றோடொன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகும் நம் நாட்டுக்காரர் ஒருவர் இதில் இறங்கியிருக்கிறார். யாசிட் சுஃபாட் என்ற மலேசியர் காந்தஹார் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அல்-கைடாவுக்காக ஆந்த்ராக்ஸ் வளர்க்க மாதக்கணக்கில் முயன்றார் என்று அமெரிக்காவின் 9/11 விசாரணை ஆணையம் எழுதிவைத்திருக்கிறது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. என் கண்ணால் பார்த்தது வேறு.

1999 மார்ச் முதல் வாரம். எங்கள் லயத்தில் குடியிருந்துகொண்டு, புக்கிட் பெலாண்டோக் பக்கம் ஒரு பன்றிப் பண்ணைக்கு லாரியில் வேலைக்குப் போய்வந்த ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மூன்று நாள் காய்ச்சல், தலையிடி. பேசும்போதே கண் செருகியது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மேல்வயிறு மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. கொசுவலை கட்டிப் படுக்கிறீங்களா, வீட்டுப் பக்கம் தண்ணி தேங்குதா என்று கேட்டுக்கொண்டே போனேன். கூட வந்த மனைவிதான், "பன்னியெல்லாம் ராவு முழுக்க இருமுதுன்னு சொல்றாரு டிரஸர் ஐயா" என்றார். தலையை ஆட்டிவிட்டு, நோட்டில் 'ஜே.இ. சந்தேகம்', அதாவது கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று எழுதி ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அவர் திரும்பி வரவில்லை.

ஆம்புலன்சைக் கூப்பிட்டது சரிதான், எழுதிய பெயர்தான் தப்பு. அந்தத் தப்பில் நான் தனியாக இல்லை. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் ஆரம்பித்ததிலிருந்து நாடே அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. கொசுவுக்குப் புகை அடித்தோம், ஊசி போட்டோம். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும், இங்கே விழுந்ததோ பன்றியோடு புழங்கிய பெரிய ஆண்கள். பன்றிகளும் விழுந்தன. ஒரு கட்டை (ஒரு மைல்) தூரத்துக்குக் கேட்கும் இருமல் என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. அத்தனையும் எங்கள் கண் முன்னால் நடந்தது, ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கடைசியில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கம்பத்து (கிராமத்து) நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து கிருமியைப் பிரித்து, அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதுதான் இது புதுக் கிருமி என்று தெரிந்தது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்தது என்பதெல்லாம் அதற்கும் பிறகு. அதற்குள் எத்தனை பேர்! நம் நாட்டில் மொத்தம் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். ராணுவத்தைக் கொண்டுவந்து பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். பக்கத்துக் கம்பத்தின் பெயரைச் சுமந்த அந்த நிப்பா இன்று பயங்கரவாதிகள் கையில் எடுக்கக்கூடிய கிருமிகள் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் போட்டிருக்கும் பட்டியலில் இருக்கிறது. இன்றுவரை அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி கிடையாது. தூரத்துச் சமாச்சாரம் என்றால் எனக்குச் சுருக்கென்று தைக்காதா?

வேண்டுமென்றே பரப்பினாலும், ஆயுதக் கிருமி தவறிக் கசிந்தாலும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. 1984-ல் அமெரிக்காவின் ஓரிகனில் ரஜ்னீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர் உணவகங்களில் சால்மோனெல்லாவைக் கலந்தார்கள். 751 பேருக்கு வயிற்றுப்போக்கு. சமையல்காரர்கள் கை கழுவவில்லை என்று முதலில் பழி போட்டார்கள், உண்மை வெளியே வர ஒரு வருடம் ஆனது. 1979-ல் சோவியத் ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது கெட்ட இறைச்சி என்றார்கள். 2001-ல் ஃபுளோரிடாவில் முதல் ஆள் விழுந்தபோது அமெரிக்கச் சுகாதார அமைச்சரே, அவர் ஓடைத் தண்ணீர் குடித்திருக்கலாம் என்று பேட்டி கொடுத்தார். கடிதத்தில் வந்த ஆந்த்ராக்ஸ் அது, ஐந்து பேரைக் கொன்றது. சந்தேகப்பட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தது அந்த ஊர் மருத்துவமனை டாக்டர்.

1972-ன் கிருமி ஆயுத ஒப்பந்தத்தில் மலேசியாவும் இருக்கிறது. ஆனால் எந்த நாட்டுக்குள்ளும் போய்ச் சோதிக்க அதில் ஆள் கிடையாது. அதனால் நோயாளி வந்து உட்காரும் முதல் மேசையைத்தான் நம்பியாக வேண்டும்.

அந்த மேசை இப்போது எங்கே? சிலியாவைச் சுற்றிப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாகி வீடமைப்பு வந்தது, டிரஸர் வேலையும் போனது. இன்று குலை வெட்டுவதும் மருந்தடிப்பதும் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள். காய்ச்சலென்றால் மளிகைக் கடையில் இரண்டு பனடோல், அவ்வளவுதான். கிளினிக்குக்குப் போகப் பயம். காரணம் இருக்கிறது. ஆவணமில்லாத அந்நியர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2001-ல் சுற்றறிக்கை விட்டது. 2020-ல் கோவிட் சமயத்தில் பயப்படாமல் பரிசோதனைக்கு வரச் சொல்லிவிட்டு, மே மாதம் கோலாலம்பூரில் வளைத்துப் பிடித்ததையும் அவர்கள் மறக்கவில்லை. தொற்றுநோய் வந்தால் டாக்டர் தெரிவிக்க வேண்டும் என்று 1988-லேயே சட்டம் போட்டாயிற்று. நோயாளி வந்தால்தானே டாக்டர் தெரிவிப்பார்?

போன மழைக்காலத்தில், யாரோ கிருமியைத் தெளித்துவிட்டார்கள் என்று எங்கள் பட்டணத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றியது. எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். கோயில் பக்கம் கேட்டால் ஏவல் என்றார்கள். விசாரித்தால் டெங்கி. ஆனால் அதற்குள் அந்நியத் தொழிலாளர்களைக் கடைக்குள் விடாமல் துரத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்த வாரம் காப்பிக் கடை ஐந்தடி நடைபாதையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பையனை நானே காரில் ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். காய்ச்சலை அளக்கும் முன்பே முகப்பில் பாஸ்போர்ட் கேட்டார்கள். அது ஏஜெண்டிடம் இருக்கிறதாம்.

சுகாதார அமைச்சு அந்தச் சுற்றறிக்கையை மீட்டுக்கொள்ள வேண்டும். பதிவு அட்டையில், நீங்கள் புழங்கும் கால்நடைக்கு ஏதாவது நோயா என்று ஒரு கேள்வியையும் சேர்க்கட்டும். ஒரு வரிதான்.

நான் முகப்பில் பேசிக்கொண்டிருந்தபோதே அந்தப் பையன் எழுந்து போய்விட்டான். சந்தை வரைக்கும் தேடிப் பார்த்தேன். என்ன காய்ச்சல் என்று யாரும் பார்க்கவே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து டிரஸர்,
சிலியாவ், நெகிரி செம்பிலான்